போதும்ப்பா

காசு அருங்காட்சியகத்துக்கு வருகிற கூட்டம் சோழிகளைப் பார்த்துக் கொட்டாவி விடும், கள்ள நோட்டுப் பெட்டியின் முன்னால் மட்டும் கொஞ்சம் கண்ணை விரிக்கும், பிறகு கடைசிக் கூடத்துக்கு ஓடும். அங்கேதான் திருகு எந்திரம் இருக்கிறது. மூடிப்போன நாணயச்சாலையிலிருந்து கழற்றிக் கொண்டுவந்தது. மேலே குறுக்குத் தண்டு, அதன் இரு நுனியிலும் பூசணிக்காய்ப் பருமனில் இரும்புக் குண்டுகள். தண்டை வீசிச் சுற்றினால் திருகு இறங்கி, அடியில் இருக்கும் வெற்று உலோக வில்லையில் முத்திரை விழும். வில்லையை வைத்து எடுப்பவர் கீழே ஒரு குழியில் உட்கார்ந்திருப்பார்.

கூட்டத்துக்குச் சுற்றிக் காட்டுவது அக்கா, குழியில் அவள் தம்பி. நினைத்த மாத்திரத்தில் சுற்றிவிட முடியாது. "கை!" என்று மேலிருந்து கத்த வேண்டும். "எடுத்தாச்சு!" என்று குழியிலிருந்து பதில் வந்த பிறகுதான் தண்டைத் தொடலாம். நாணயச்சாலைக் காலத்து வழக்கம். கூட்டத்துக்கு அது வேடிக்கை, அக்காவுக்கு அப்படி இல்லை.

ஏனென்றால் இதே எந்திரத்தை ஒரு காலத்தில் சுற்றியவர் அவள் அப்பா. குழியில் இருந்தவர் மாமா, அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. ஒரு நாள் அப்பா கத்தினார், சுற்றினார், மாமாவின் கை உள்ளே இருந்தது. புண் புரையோடி அவர் போய்ச் சேர்ந்தார். சாகும்முன் அவர் சொன்னது, "நான் வாயே திறக்கலை." அப்பா சொன்னது, "எடுத்தாச்சுன்னு என் காதால கேட்டேன்." இரண்டில் ஒன்று பொய்தானே? சாகப் போகிறவன் எதற்குப் பொய் சொல்வான் என்று ஊரே தீர்ப்பு எழுதிவிட்டது. அம்மா கண்ணை மூடும் வரை அப்பாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் மட்டும் விடாமல், "கேட்டேன்மா, அதுவும்..." என்று ஆரம்பிப்பார். "போதும்ப்பா!" என்று ஒரு நாள் அக்காதான் எரிந்து விழுந்தாள். அதோடு அவர் அந்தப் பேச்சை எடுப்பதே இல்லை.

அந்த எந்திரத்திலேயா போய் வேலை பார்ப்பார்கள், வேறு வேலையே கிடைக்கவில்லையா என்று கேட்பீர்கள். கிடைக்கவில்லை.

கொஞ்ச நாளாக ஒரு குழப்பம். அவள் கத்தி வாயை மூடுவதற்குள் பதில் வந்துவிடும், பிறகு இன்னொரு முறையும் வரும்.

"ஏன்டா ரெண்டு தடவை சொல்றே?"

"ஒரு தடவைதான் சொன்னேன். உன் காதை நல்லா குடைஞ்சு பாரு."

கூடத்தின் எதிரொலி என்று அவள் மனதைத் தேற்றிக்கொண்டாள். எதிரொலி எங்கேயாவது முன்னால் வருமா? அதை மட்டும் அவள் யோசிக்கவில்லை.

அன்று தம்பிக்குத் தொண்டை கட்டிக்கொண்டது. வாயைத் திறந்தால் வெறும் காற்றுதான். "நீ பேசாதே, சுத்தியலால ரெண்டு தட்டு தட்டு, போதும்" என்று சொல்லி அவனைக் குழிக்குள் இறக்கினாள். கூடம் நிறையக் கூட்டம். அருங்காட்சியகக் காப்பாளர் காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நின்றார். அந்த அவசரத்தில் சுத்தியல் விஷயம் அவளுக்கு மறந்தே போனது.

"கை!"

"எடுத்தாச்சு!"

கணீரென்று வந்தது. தம்பியின் குரல்தான், கடைசியில் அவன் இழுக்கிற இழுப்பு உட்பட. அவள் தோள் தண்டின்மேல் சாய்ந்தது, குண்டு அசைந்துவிட்டது. அப்போதுதான் உறைத்தது. ஐயோ, இவனுக்கு இன்று குரலே இல்லையே! உடம்பையே பின்னால் எறிந்து தண்டைப் பிடித்து நிறுத்தினாள். தோள்பட்டையில் ஏதோ பிசகியது.

"அதான் எடுத்தாச்சுன்னு சொல்லிட்டானே, சுத்தும்மா!" என்றார் காப்பாளர்.

அவள் குழியை எட்டிப் பார்த்தாள். சரிந்திருந்த வில்லையைத் தம்பி விரலால் நேராக்கிக்கொண்டிருந்தான். முத்திரை அச்சு அவன் விரல்களுக்கு நூலிழை மேலே நின்றது. அவன் அண்ணாந்து பார்த்து, என்ன ஆச்சு என்று கையாலேயே கேட்டான்.

வீட்டில் அப்பா மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். செருப்பைக் கூடக் கழற்றாமல் தம்பியோடு அவர் எதிரில் போய் உட்கார்ந்தாள்.

"அப்பா, இன்னைக்கு இவன் கை உள்ளே இருக்கும்போதே எடுத்தாச்சுன்னு கேட்டுச்சுப்பா."

அப்பா நிமிரவில்லை. "இவன் குரல்லயேதானே?"

யார் குரல் என்று அவள் இன்னும் சொல்லவே இல்லை.

"அன்னைக்கும் மச்சான் குரல்தான்" என்றார் அப்பா. "அவன் சிரிச்சுக்கிட்டே சொல்ற மாதிரி அப்படியே இருந்துச்சு. வேற குரலா இருந்தா நான் தண்டைத் தொட்டிருப்பேனா? அவனும் பொய் சொல்லலை, நானும் பொய் சொல்லலை." தம்பியின் கையை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு விரலாக நீவிவிட்டார். "உங்கம்மா இதைத் தெரிஞ்சுக்காமலே போயிட்டாளேடா."

அக்காவுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. "குரலைப் பத்தி ஏம்ப்பா எங்ககிட்ட சொல்லவே இல்லை?"

"சொல்ல வந்தேன்மா" என்றார் அவர். "நீதான் போதும்னு சொல்லிட்டே."