குளிர்ச்சி வெளியே போயிடும்

காசிமேட்டு ஐஸ் ஃபேக்டரியில் எனக்கு இருபத்திரண்டு வருஷ சர்வீஸ். கத்திரி வெயிலில்கூட ஒரு பார் ஐஸைச் சாயங்காலம் வரை உருகாமல் வைத்திருப்பேன். அப்பேர்ப்பட்ட ஸ்டானிஸ்லாஸின் ராயபுரத்து வீட்டில், பிறந்து பன்னிரண்டே நாளான பேத்தி வெந்துகொண்டிருந்தாள்.

வீடென்றால் ஒரே அறை. தலைக்கு மேல் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட். பதினோரு மணிக்கு அதன்மேல் தோசை ஊற்றலாம். ஏறிப்போய்த் திருப்பிப்போட ஆள்தான் கிடைக்காது. டேபிள் ஃபேன் உண்டு. மூன்றாம் நம்பரில் வைத்தால், ஷீட்டிலிருந்து இறங்கும் அனலை எல்லோர் முகத்திலும் பட்சபாதமில்லாமல் அடிக்கும்.

புதன்கிழமை சம்மந்தியம்மா டோரதி பெரம்பூர் ரயில்வே குவார்ட்டர்ஸிலிருந்து வந்தார். பிள்ளையின் கழுத்தில் வேர்க்குருவைப் பார்த்தார்.

"தலைப்பிரசவம் தாய் வீட்லதான், ஒத்துக்கிறேன். அதுக்காகப் பேத்தியை அவிச்சா குடுப்பீங்க? ஞாயித்துக்கிழமை பூசை முடிஞ்சு வருவேன். இப்படியே இருந்தா ரெண்டு பேரையும் கூட்டிட்டுப் போயிடுவேன்."

மூன்று மாதமாவது மகள் நம் வீட்டில் இருப்பதுதான் முறை. இரண்டு வாரத்திலேயே ரிக்‌ஷா ஏறினால் தெருவில் தலைகாட்ட முடியாதென்று ரோசியிடம் சொன்னேன். உண்மை வேறு. அந்தக் குட்டி என் சுண்டுவிரலைப் பிடித்துக்கொண்டு தூங்கப் பழகியிருந்தாள். இதையெல்லாம் பெண்டாட்டியிடம் சொல்ல முடியுமா?

லீவு போட்டேன். ஐஸுக்குச் செய்வதை வீட்டுக்கும் செய்தால் தீர்ந்தது. ஃபேக்டரியில் கேட்டு, ஐஸ் மூடிவைக்கும் உமியை மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்தேன். காயவைத்து, ஷீட்டுக்கு அடியில் ரீப்பர் கட்டை அடித்து, கோணிகளை நெருக்கி அடுக்கினேன். உமியில் ஏறியிருந்த இறால் வாசனைக்குப் பேட்டைப் பூனைகளெல்லாம் கூரைமேல் மாநாடு போட்டன. பிறகு ஐஸ்காரன் புத்தி முழுசாய் வேலை செய்தது. கிழக்கு வென்டிலேட்டரைக் களிமண்ணால் அடைத்தேன். தெரு ஜன்னலில் கோணி அடித்தேன். கதவைச் சாத்தினேன்.

ரோசி கதவைத் திறந்தாள்.

"மூடு, மூடு! குளிர்ச்சி வெளியே போயிடும்!"

"உள்ள இன்னா குளிர்ச்சி கீது, வெளிய போவறதுக்கு?"

"போகப் போகத் தெரியும்" என்றேன்.

சனிக்கிழமை மத்தியானம் தெரிந்தது. ஐஸ் அறைக்குள் ஐஸ் இருக்கும். எங்கள் அறைக்குள் மூன்று பெரிய உடம்பு, ஒரு சின்ன உடம்பு, ஒரு மண்ணெண்ணெய் ஸ்டவ். உமி தன் கடமையைச் செய்தது. துளிச் சூட்டைக்கூட வெளியே விடவில்லை. பேத்தி வீறிட்டாள்.

"நைனா, நாங்க பெரம்பூருக்கே பூடுறோம்" என்றாள் மகள் ஃப்ளோரா. கோபமாய்ச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அழுதுகொண்டே சொன்னாள்.

ரோசி உலக்கையால் ஒரே குத்து. வென்டிலேட்டர் களிமண் பொலபொலவென்று உதிர்ந்தது. ஸ்டவ்வை வாசலுக்குத் தூக்கிப்போனாள். ஜன்னல் கோணியைப் பிய்த்து, ஃபேனைத் தெருவைப் பார்க்கத் திருப்பி வைத்தாள்.

"யாருக்குக் காத்து வுடற? தெருவுக்கா?"

"மொளகா வறுக்கச்சொல்ல டெய்லி இப்பிடித்தான் வைக்கிறேன். நீ எங்க பாத்த? உள்ள கீற புழுக்கத்த இது வெளிய தள்ளும். அந்தாண்டயிருந்து கடல் காத்து வரும். வெயில உன் உமி பாத்துக்கும். பேஜாரு பண்ணாம குந்து."

அரைமணியில் ஹார்பர் பக்கத்துக் காற்று அறைக்குள் வந்தது. ஃபேன் ஒன்றாம் நம்பரிலேயே போதுமாயிருந்தது. பேத்தி என் விரலைத் தேடிப் பிடித்தாள்.

ஞாயிறன்று டோரதி வந்தார், ரிக்‌ஷாவை வாசலில் நிறுத்திவிட்டே. கழுத்தைப் பார்த்தார். புதிதாய் ஒன்றும் இல்லை. பழையது அமுங்கத் தொடங்கியிருந்தது.

"வெயில் ஏறட்டும், பார்க்கலாம்."

வெயில் ஏறியது. சாப்பிட்டுவிட்டுத் தூளிப் பக்கத்தில் காவலுக்கு உட்கார்ந்த டோரதி, இரண்டு மணிக்குக் குறட்டை விட்டார்.

"அம்மா, சவாரி கீதா இல்லியா?" என்று ரிக்‌ஷாக்காரர் குரல் கொடுத்தார்.

ஒற்றைக் கண் திறந்தது. "கத்தாதப்பா, குழந்தை தூங்குது. நீ போ." பிறகு என்னிடம்: "சம்மந்தி, குவார்ட்டர்ஸ் மாடியில வெயில் தாங்கல. நானும் ஒரு வாரம் இங்கேயே இருந்துட்டுப் போறேன்."

ஓர் அறைக்கு ஐந்து உடம்பு அதிகம் என்று ரோசிக்குப் பட்டது. அதில் எந்த உடம்பு அதிகச் சூடு என்பதிலும் அவளுக்குச் சந்தேகமில்லை. பாயைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள்.

வாசலில் விரித்து உட்கார்ந்தேன். உள்ளே பேத்தி தும்மினாள்.

"போர்த்தி வுடு ரோசி, சில்லுனு கீது பாரு!" என்று கத்தினேன், முதுகு வியர்வையைத் துண்டால் துடைத்துக்கொண்டு.