உச்சி விளக்கு

குகன் நான்காவது முறையாகப் படகின் சாவியைத் திருகினான். இஞ்சின் 'டிக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டது.

"செத்துருச்சும்மா," என்றவன், தான் சொன்ன சொல் தன் காதிலேயே விழுந்து உதட்டைக் கடித்துக்கொண்டான்.

குமுதாவின் மடியில் மஞ்சள் துணி கட்டிய மண்கலயம் இருந்தது. அதற்குள் தங்கராஜு இருந்தார். துறைமுகத்தில் முப்பத்தோரு வருசம் கிரேன் மேல் ஏறி ஒயர் மாற்றிய மனுசன், நிலைக்கதவில் குனிந்து நுழைகிற உயரம், நேற்று எரிந்து முடித்து இன்று காலை ஒரு சின்ன அரிசிப் பை கனத்துக்கு வந்துவிட்டார்.

பெண்கள் கடலுக்குப் போகிற வழக்கமில்லை என்று நாத்தனார் மீனாட்சி விடிகாலையிலேயே ஆரம்பித்தாள். "வழக்கத்த நீ வச்சுக்க. போட்டு என் புருசனோடது," என்று குமுதா கலயத்தைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டாள். வாடகைப் படகு வேண்டாம், அவர் போட்டிலேயே போகலாம் என்றதும் அவள்தான். இப்போது அது கெலுகோர் கரைக்கு எதிரே கட்டிப்போட்ட இடத்தைவிட்டு நகர மாட்டேன் என்கிறது. பன்னிரண்டு மணிக்கு ராகு காலம் வேறு.

"நீ எந்திரி தம்பி, நான் பாக்குறேன்," என்றார் இஸ்மாயில். பழைய மோட்டார்களுக்கு ஒயரிங் பார்க்கிற சின்னக் கடை வைத்திருப்பவர். அவருடைய சின்னச் சம்பான் படகில்தான் மூன்று பேரும் கரையிலிருந்து வந்தார்கள். தங்கராஜுவும் அவரும் சேர்ந்தால் பேச்சு ஓயாது.

அந்த போட்டுக்கு ஒரு பாய்மரம், ரெண்டு பேர் படுக்கிற கூண்டு, ஒரு குட்டி இஞ்சின், ஒரு பேட்டரி. ஓய்வு பெற்ற கையோடு, ஊர் திரும்பிய ஒரு வெள்ளைக்காரனிடம் வாங்கினார். சனிக்கிழமை காலையில் போனால் ஞாயிறு சாயங்காலம்தான் வீடு. "கட்டுனது என்னய, குடும்பம் நடத்துறது அவளோட," என்று குமுதா வாய்க்கு வந்தபடி பேசுவாள். அவர் சிரித்துக்கொண்டே தெர்மாஸை எடுத்துக்கொண்டு போவார்.

அங்கே அவருக்கு எல்லாமே பேட்டரிதான். சார்ஜைப் பாதிக்குக் கீழே இறங்க விட்டால் அதற்கு ஆயுசு குறையும் என்று காத்தாடியை அளந்து போடுவார், கூண்டு விளக்கைப் போடவே மாட்டார், போனை அணைத்து வைப்பார். "போனும் இல்லன்னா நீங்க இருக்கீங்களா இல்லயான்னு நான் எப்படித் தெரிஞ்சுக்கிறது?" என்று ஒருநாள் சண்டை பிடித்தாள். அதற்குத்தான் அந்த ஏற்பாடு. பொழுது சாய்ந்ததும் பாய்மரத்து உச்சியில் விளக்கைப் போடுவார். எட்டாவது மாடியில், அடுப்படி ஜன்னலில் நின்றால் அது தெரியும். விளக்கு எரிந்தால் அவர் நன்றாக இருக்கிறார். குமுதா ஜன்னலைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போவாள்.

காலையில் அணைக்க மறந்துவிடுவார். அது ஒன்றுதான் தொல்லை. காப்பி கலக்கும்போது வெளுத்த வானத்தில் அந்தப் புள்ளி இன்னும் எரிந்துகொண்டிருக்கும். ஏழரைக்கு அவளுக்காகவே போனைத் திறந்து வைத்திருப்பார். "பட்டப்பகல்ல யாருக்கு வெளிச்சம் காட்டுறீங்க? அணைங்க," என்று ஒரு சத்தம். ஞாயிறு தவறாமல் இது நடக்கும். போன மாசத்திலிருந்துதான் மனுசனுக்குப் புத்தி வந்திருந்தது. நாலு வாரமாக அவள் பார்க்கும்போதே விளக்கு அணைந்திருந்தது. அவளும் போன் பண்ணவில்லை. மீனாட்சியிடம்கூடச் சொல்லிப் பெருமைப்பட்டாள்.

திங்கட்கிழமை காலையில் மீன்பிடிக்கப் போனவர் ஒருவர் கூப்பிட்டுப் பார்த்து, பதில் இல்லாமல் ஏறிப் பார்த்து, போலிசுக்குச் சொன்னார். நெஞ்சு வலி. ஆஸ்பத்திரியில் டாக்டர், சனிக்கிழமை மத்தியானம் மூணு நாலு மணிக்கே உயிர் போயிருக்கும் என்றார்.

"அதெப்படி?" என்று குமுதா அங்கேயே குரலை உயர்த்தினாள். "சனிக்கெழம ராத்திரி லைட்டப் போட்டாரு. காலையில அணைச்சாரு. ஞாயித்துக்கெழம மறுபடியும் போட்டாரு. நான் ரெண்டு கண்ணால பாத்தேன். செத்தவரு எந்திரிச்சு வந்தா போட்டாரு?"

திதி குறிக்க வந்த பண்டாரத்திடமும் ஞாயிற்றுக்கிழமை ராத்திரி என்றே சொன்னாள். இனி வருசா வருசம் அந்தத் திதிக்குத்தான் அவருக்குச் சோறு வைக்க வேண்டும்.

இன்று அவர்கள் கூண்டைத் திறந்தபோது படுக்கைக்கு மேலே அந்தச் சின்னக் காத்தாடி சாகிற வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. குகன்தான் எட்டி அணைத்தான்.

"சனிக்கெழமையிலேர்ந்து ஓடிருக்கு," என்றான்.

"ஞாயித்துக்கெழமையிலேர்ந்து," என்றாள் அவள்.

இஸ்மாயில் படிக்கட்டுப் பலகையைக் கழற்றி, அடியில் இருந்த பேட்டரியில் மீட்டரை வைத்துப் பார்த்து நாக்கைச் சப்புக்கொட்டினார். "ரொம்ப வத்திருச்சு. என் பேட்டரியிலேர்ந்து ஒயரு குடுத்து ஸ்டார்ட் பண்ணிரலாம், அது ஒண்ணும் பெரிய வேல இல்ல. ஆனா காத்தாடி மட்டும் இவ்ளோ இழுக்காதே. மேல சோலார் தகடு வேற வெயில்ல சார்ஜ் பண்ணிக்கிட்டேதான் இருக்கு. வேற என்னமோ குடிக்குது."

"பாத்துருங்க தம்பி. அவரு இருந்தா விடமாட்டாரு."

அவர் கறுப்பு ஒயரைக் கழற்றி, இடையில் மீட்டரைச் சேர்த்தார். "எல்லா சுவிட்சும் ஆப். இப்ப இது சைபர் காட்டணும்." காட்டவில்லை. சின்னதாக ஒரு எண் நின்றது. பியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். கூண்டு விளக்கு. தண்ணீர் இறைக்கிற பம்பு. ரேடியோ. உச்சி விளக்கு. எண் அசையவில்லை. தலையைச் சொறிந்தவர் பேட்டரியிலிருந்தே விரலை வைத்துத் தடவிக்கொண்டு போனார். பியூஸ் பெட்டிப் பக்கமே போகாமல், மெத்தைக்குப் பின்னால் வளைந்து ஒரு வெள்ளை ஒயர் ஏறியது. ஜன்னல் ஓரத்தில் ஒட்டியிருந்த ஒரு கறுப்புக் குமிழில் போய் முடிந்தது. குமிழின் நடுவில் கண்ணாடிக் கண் ஒன்று.

இஸ்மாயிலின் விரல் அங்கேயே நின்றது.

"என்ன தம்பி அது?"

"ஒண்ணும் இல்லக்கா. சும்மா ஒரு ஒயரு." சொல்லிவிட்டுக் குனிந்து, கழற்றிய பியூஸ்களை அவசர அவசரமாக மாட்ட ஆரம்பித்தார்.

குமுதா அந்தக் கண்ணைப் பார்த்தாள். முப்பத்தஞ்சு வருசம் எலெக்ட்ரீஷியனோடு குடித்தனம் நடத்தியவள். அடுக்குமாடிக் கார் நிறுத்தத்தில் பொழுது போனால் தானாக எரிகிற விளக்குகளுக்கு இதே கண்தான். கலயத்தை மெத்தைமேல் பத்திரமாக வைத்துவிட்டு எழுந்தாள்.

"அக்கா, வேணாம்," என்றார் இஸ்மாயில்.

அவள் உள்ளங்கையால் அந்தக் கண்ணை மூடினாள். ஒன்றும் நடக்கவில்லை. மனசுக்குள் எண்ணினாள். ஒன்பது எண்ணியிருப்பாள்.

"அம்மா!" மேல்தட்டிலிருந்து குகன் குரல் கொடுத்தான். "உச்சி லைட்டு எரியுது. யாரு சுவிட்சப் போட்டா?"

கையை எடுத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, "அணைஞ்சிருச்சு," என்றான் அவன்.

இஸ்மாயில் தரையைப் பார்த்தபடி பேசினார். "போன மாசம் நான்தான் மாட்டிக் குடுத்தேன்க்கா. மறந்து மறந்து ரெண்டு பேட்டரிய சாவடிச்சிட்டேன்னாரு. 'ஞாயித்துக்கெழம அவளுக்கு லீவு. எனக்காக எந்திரிச்சு நிக்கிறா, இனிமேயாச்சும் தூங்கட்டும்'னாரு. உங்ககிட்ட சொல்லிருப்பாருன்னு நெனச்சேன். நேத்துலேர்ந்து எப்படிச் சொல்றதுன்னு..."

குமுதா அப்படியே உட்கார்ந்தாள். ஐயோ, அந்தச் சனிக்கிழமை ஜன்னலைச் சாத்திவிட்டு மீன் பொரித்து வயிறாரச் சாப்பிட்டாளே. ஞாயிறு இருட்டியும் ஆள் வராமல் விளக்கு மட்டும் எரியக் கண்டு, "அங்கயே கெடங்க, வீட்டுக்கு வராதீங்க," என்று ஜன்னலைப் பார்த்து வாய்விட்டுச் சொன்னாளே. அப்போதும் அவர் இதோ இந்த மெத்தையில், இந்தக் காத்தாடிக்குக் கீழேதான் கிடந்திருக்கிறார். அன்று காலையிலேயே ஒரு போன், வழக்கமாகப் பண்ணுகிற அந்த ஒரு போன் பண்ணியிருந்தால், எடுக்கவில்லையே என்று யாரையாவது அனுப்பியிருப்பாள். உயிர் வந்திருக்காது. ஆனால் ரெண்டாவது ராத்திரியும் தனியாகக் கிடந்திருக்க மாட்டார்.

சம்பானிலிருந்து ஒயர் இழுத்து இஸ்மாயில் இஞ்சினைக் கிளப்பினார். கடலுக்கு மேலே போகிற பாலம் ஒருபக்கம் தெரிய, கரை சின்னதாகிற தூரம்வரை போனார்கள். குகன் கலயத்துத் துணியை அவிழ்த்தான். குமுதாவும் அவன் கையோடு கை சேர்த்துப் பிடித்தாள். சாம்பல் தண்ணீரில் கொஞ்ச நேரம் வெள்ளையாகப் படர்ந்தது. பூக்கள் படகோடு ஒட்டிக்கொண்டே வந்தன. அவள் அழுதாள். இந்த மூன்று நாளில் அப்போதுதான் சத்தம் போட்டு அழுதாள்.

திரும்பும்போது இஸ்மாயில் தயங்கித் தயங்கிக் கேட்டார். "அந்த ஒயரக் கழட்டிரவாக்கா? பேட்டரி இன்னும் கொஞ்ச நாளைக்கி வரும்."

"இருக்கட்டும்."

கரை நெருங்கியது. முகத்தை முந்தானையால் துடைத்துக்கொண்டாள்.

"குகா, பண்டாரத்துக்குப் போன் பண்ணு. சனிக்கெழம மத்தியானம்னு திதிய மாத்தி எழுதச் சொல்லு."

குகன் அவளை ஒரு கணம் பார்த்தான். "சரிம்மா," என்றான்.

ஞாயிற்றுக்கிழமை குமுதா வழக்கம்போல எழுந்து தண்ணீர் கொதிக்க வைத்தாள். ஜன்னலுக்கு வெளியே இருட்டு கரைந்துகொண்டிருந்தது. தூரத்தில் அந்தப் புள்ளி எரிந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிழக்கு வெளுத்ததும் தானாக அணைந்தது.

மணி ஏழரை ஆகும்வரை காத்திருந்து, போனை எடுத்து அவர் எண்ணை அழுத்தினாள்.

உள் அறையில் மணி அடித்தது. பதினாறாம் நாளுக்கு ஆட்களைக் கூப்பிட அதிலிருந்து எண்கள் எடுக்க வேண்டும் என்று குகன் அவர் போனைச் சார்ஜ் போட்டு வைத்திருந்தான். தூக்கக் கண்ணோடு போனைக் கையில் பிடித்தபடி அவன் அடுப்படிக்கு வந்தான். ஜன்னலோரம் நிற்கிறவளையும், அவள் காதில் இருந்த போனையும் பார்த்து நின்றுவிட்டான்.

"எடுக்காத," என்றாள் குமுதா. "அடிக்கட்டும்."