கொரில்லா வணக்கம்

எங்கள் மலையில் கொரில்லாக்களை நெருங்கும்போது அடித்தொண்டையில் மெல்ல உறும வேண்டும். ‘நாங்கள்தான், பயப்படாதீர்கள்’ என்று அதற்குப் பொருள். பதினாறு வருடப் பழக்கத்தில் என் பெண்டாட்டியையும் அப்படித்தான் கூப்பிடுகிறேன்.

மாண்புமிகு கஹேரு உறுமவில்லை, இருமினார். மூன்று சின்ன இருமல், பிறகு நீளமாய் ஒன்று. வனவுயிர் நேசர் பேரவையின் தலைவர் அவர். பிறந்து நாற்பது நாளான குட்டியோடு படம் எடுத்துக்கொள்ளத் தலைநகரிலிருந்து நான்கு காரில் வந்திருந்தார்.

என்னோடு தடம் பார்க்கும் கொபுசிங்கே காட்டு வாசலில் கையை நீட்டி மறித்தாள்.

“சளி இருந்தா உள்ள விடமாட்டோம், மாண்புமிகு. நம்ம சளி அதுங்களைக் கொன்னுடும்.”

“சளியா? தூசும்மா. உங்க ரோடு அப்படி!”

அவள் என்னைப் பார்த்தாள். மூத்தவன் நான்தான், என் சொல்லே முடிவு. நான் மரத்தைப் பார்த்தேன்.

உள்ளே போனதும் மாண்புமிகு முகக்கவசத்தை மோவாய்க்குக் கீழே இறக்கினார். முகம் தெரியாத படம் எதற்கு உதவும்? எதிரே தாய்க் கொரில்லா கருங்கி, மடியில் குட்டி. அப்போது அவருக்கு இருமல் வந்தது. படக்காரர் கேமராவைத் தாழ்த்தினார். அந்தச் சங்கடத்தில் என் நாக்கு முந்திக்கொண்டது.

“கொரில்லா பாஷையில வணக்கம் சொல்றாரு!”

எல்லோரும் உருகிப்போனார்கள். அவர் மகிழ்ந்து இன்னும் இரண்டு முறை வணங்கினார்.

ஒன்பதாம் நாள் காலை, பனிமூட்டத்தில் நின்று உறுமினேன். புதருக்குள்ளிருந்து பதில் வந்தது. மூன்று சின்ன இருமல், பிறகு நீளமாய் ஒன்று.

“அந்த ஆளு இன்னும் ஊருக்குப் போகலையா, அண்ணே?” என்றாள் கொபுசிங்கே. இலையை விலக்கியதும் அவள் சிரிப்பு நின்றது. கருங்கி இருமிக்கொண்டிருந்தாள். குட்டியின் மூக்கு ஒழுகியது.

மருத்துவர் வந்தார், மருந்து ஊசியைத் தூரத்திலிருந்து எய்தார். அதிலிருந்து நான்காம் நாள் குட்டி செத்தது. அதன்பிறகும் கருங்கி அதை முதுகில் போட்டுக்கொண்டே திரிந்தாள். நான் வீட்டில் கஞ்சி குடிக்கும்போதுகூட அந்த இருமல் கேட்டது.

குட்டிக்குப் பெயர் சூட்டும் விழா மட்டும் நிற்கவில்லை, அழைப்பிதழ் அச்சாகிவிட்டதாம். ‘மேடையில் துக்கச் செய்தி வேண்டாம்’ என்று பேரவையிலிருந்து எங்களுக்கு உத்தரவு. செத்த குட்டிக்கு மாண்புமிகு ‘அமகாரா’ என்று பெயரிட்டார். ஆரோக்கியம் என்று அர்த்தம். பிறகு என்னை மேடைக்கு அழைத்தார்.

“எனக்குக் கொரில்லா வணக்கம் சொல்லிக் கொடுத்தவர் இவர்தான்!”

“போங்க அண்ணே,” என்றாள் கொபுசிங்கே. “இப்பவாவது வாயைத் திறங்க.”

ஒலிவாங்கி முன்னால் நின்றேன். “அது வணக்கம் இல்லீங்க. வியாதி. குட்டி செத்துப்போச்சு.”

மாண்புமிகு என் தோளில் தட்டினார். “பாருங்க, எவ்வளவு அடக்கம்! எங்கே, எல்லாரும் சேர்ந்து வணக்கம் சொல்லுங்க!”

முந்நூறு பேர் இருமினார்கள்.

“இப்போ காடு பதில் சொல்லும்,” என்று காதருகே கையைக் குவித்தார்.

சொன்னது. விழா மைதானத்துக்கு மேலே, சரிவின் புதர்களிலிருந்து. மூன்று சின்ன இருமல், பிறகு நீளமாய் ஒன்று. கைதட்டல் வானைப் பிளந்தது.

கொபுசிங்கே கைதட்டவில்லை. மூன்று விரலை உயர்த்தி எனக்குக் காட்டினாள். நானும் கேட்டேன். இருமியது கருங்கி மட்டுமல்ல, மூன்று தொண்டைகள்.