மாதா தொட்ட கதவு

சனிக்கெழம சாயங்காலம் ஆறு மணிக்கு என் காரோட பின்கதவு சொட்டையாயி உள்ள போச்சு. திங்கக்கெழம காலைல ஒம்போது மணிக்கு அதே காரை திண்டிவனத்துல சீனுவாசன் முன்னாடி கொண்டுபோயி நிறுத்தணும். அவரு டிராவல்ஸ் நடத்தறவரு. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரிக்கு நர்சுங்கள தினமும் இட்டுக்கினு போயி இட்டுக்கினு வர நாலு வண்டி கேட்டிருந்தாரு. மூணு எடுத்தாச்சு. நாலாவதுக்கு நான் போயி நின்னப்போ, "பொம்பள டிரைவரா"ன்னு இழுத்தாரு. அப்புறம், "சரிம்மா, திங்கக்கெழம வண்டிய எடுத்துக்கினு வா, பாக்கறேன். ஒரு சொட்டை இருந்தாலும் வேணாம்"னாரு. என்னை வேணாம்னு சொல்ல அவருக்கு ஒரு சாக்கு வேணும், அவ்ளோதான். அத நான் குடுக்கக் கூடாதுன்னு இருந்தேன்.

ஆனா எங்க ஊரு குடுத்துடுச்சி.

வல்லத்துக்கு இந்தாண்ட இருக்கற எங்க ஊர்ல அன்னிக்கு மாதா கோயில் திருவிழா. சாமியாரு வண்டிய மந்திரிக்கட்டும்னு கோயில் தெருவுல நிறுத்தியிருந்தேன். சப்பரம் வருது. தூக்கறவங்களுக்கு எங்க ஊர்ல ஒரு கட்டுப்பாடு உண்டு. தண்டுக்குக் கீழ இன்னொரு தோளு வந்து நுழையற வரைக்கும் யாரும் தோள எடுக்கக் கூடாது. முன்னால இடது பக்கத் தண்டுல நின்னவரு அடைக்கலராஜ். என் வீட்டுக்காரரோட அண்ணன், விழாக் கமிட்டித் தலைவரு வேற. என்ன அவசரமோ, தோள எடுத்துட்டு செல்போன எடுத்தாரு, சப்பரத்தோட சேத்து தன் மூஞ்சிய வீடியோ புடிக்க. சப்பரம் சாஞ்சிது. தண்டோட முனை என் கதவுல டொம்முன்னு இடிச்சிது. சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு உள்வாங்கிடுச்சி.

"அய்யய்யோ"ன்னு நான் ஓடியாறதுக்குள்ள மனுசன் ரெண்டு கையையும் தூக்கிட்டாரு. "மாதா தொட்டுட்டாங்க! சகாயசெல்வி வண்டிய மாதாவே தொட்டுட்டாங்க!"

பாருங்க அக்கிரமத்த. தப்பு என்னுதுன்னு ஒரு வார்த்த வரல. ஜனமும் நம்பிடுச்சி. பக்கத்து வீட்டு லூசியா மொத ஆளா வந்து சொட்டைய தொட்டு கண்ணுல ஒத்திக்கினா. இன்னொருத்தி டயர் பக்கத்துல மெழுகுவத்தி ஏத்தி வச்சா. சப்பரத்து மேல எறைக்கற உப்பையும் மொளகையும் என் கதவு மேல எறைக்கறாங்க! "உப்பு பட்டா துரு புடிக்கும்டி, பாவிங்களா"ன்னு கத்தறேன். யாரு காதுல ஏறுது?

விழுப்புரத்துல ஒரு சர்வீஸ் சென்டருக்கு போட்டோ அனுப்பினேன். கதவையே மாத்தணும், பத்து நாளாவும்னுட்டு, என்னோட மூணு மாச கார் லோன் டியூ சேந்த தொகையச் சொன்னாங்க. போனை கட்டில் மேல விசிறி அடிச்சேன்.

ஞாயித்துக்கெழம விடிஞ்சதும் திண்டிவனத்துக்கு ஓட்டுனேன், பச்சைமுத்து டிங்கரிங் கடைக்கு. கதவ கையால தடவிப் பாத்தாரு. "பெயிண்டு பொரியல, தகடு மடங்கல. இதுக்குப் போயி எதுக்கும்மா பட்டி, பெயிண்டு? உள்ளேருந்து தள்ளுனா வந்துடும். ஆனா எனக்குப் புதன்கெழம வரைக்கும் வேல இருக்குது."

"புதன்கெழம சரியாயி எனக்கு என்னத்துக்கு? எப்டி தள்றதுன்னு சொல்லுங்க, நானே தள்ளிக்கறேன்."

சிரிச்சாரு. "நடுவுல மட்டும் குத்திடாத. ஓரத்துலேருந்து சுத்திச் சுத்தி வா. அவசரப்பட்டா தகடு வெளிப்பக்கம் மேடாப் பூடும், அப்புறம் பேஜாரு." யோசனைக்குக் காசு வாங்கல, டீக்கு மட்டும் நான் குடுத்தேன்.

ஊருக்குத் திரும்புனேன். எங்க வீடு கோயிலுக்கு எதிர்லதான். பூசை முடிஞ்சி ஜனமெல்லாம் தெருவுல நிக்குது. ஒளிஞ்சி செய்யற வேலையா இது? நடுத்தெருவுலயே வண்டிய நிறுத்தி, கண்ணாடிய முழுசா மேல ஏத்திட்டு, கைப்பிடிக்குப் பின்னால இருக்கற ஸ்குருவ கழட்டுனேன்.

அடைக்கலராஜ் வந்துட்டாரு. "என்ன பண்ணிக்கினு இருக்கற?"

"கதவப் பிரிக்கறேன் மாமா."

"மாதா வச்ச தடத்த அழிக்கறியா? குடும்பத்துக்கு ஆவாது. தம்பி குவைத்துலேருந்து வரட்டும், பேசிக்கறேன்."

"வரட்டும். தோள எடுத்தது மாதாவா, நீங்களா? வீடியோ உங்க போன்லதான இருக்குது? போடுங்க, ஊரே பாக்கட்டும்."

போன் ஜோபிக்குள்ள போச்சு. ஆளு மட்டும் நகரல.

லூசியாவுக்குப் பாவமா இருந்துதோ என்னமோ, ஒரு குண்டான் சுடுதண்ணி கொண்டாந்தா. வெளியில சொட்டை மேல ஊத்திட்டு, பாத்ரூம் அடைப்பு எடுக்கற ரப்பர் கப்பை ஒட்ட வச்சி இழுத்தேன். பாதி வந்துச்சு. மீதி வரமாட்டேன்னுது. இரும்புத் தகடு, சுடுதண்ணிக்கெல்லாம் அவ்ளோ சீக்கிரம் இளகிடுமா? கதவோட உள்பக்க அட்டைய கிளிப்பு உடையாம நெம்பி எடுத்து, பிளாஸ்டிக் காகிதத்த ஓரமா உரிச்சிட்டு, பூரிக்கட்டையில பழைய துண்ட சுத்தி உள்ள உட்டேன். ஓரத்துல ஒரு அழுத்து. கொஞ்சம் தள்ளி இன்னொரு அழுத்து. கோயில் கொடிமரம் கதவுல வளைஞ்சி தெரிஞ்சிது. ஒவ்வொரு அழுத்துக்கும் அது கொஞ்சம் நிமுந்துது.

"மாதா கோச்சிக்க மாட்டாங்களாடி?"ன்னா லூசியா, மெதுவா.

"அவங்களே தச்சு வேல பாத்த வூட்டுல வாழ்ந்தவங்க. வேல பாக்கறவள கோச்சிக்க மாட்டாங்க."

"திமிரு! பொம்பளைக்கு இவ்ளோ திமிரு ஆவாது!"ன்னு அடைக்கலராஜ் ஒரு கத்து கத்துனாரு. எனக்கு ரத்தம் மண்டைக்கு ஏறிடுச்சி. கைக்கு எங்க அழுத்தறோம்னே தெரியல, நடுவுல ஒரு குத்து. டக்குன்னு சத்தம். சொட்டை மொத்தமும் வந்துடுச்சி, ஆனா கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு மேடு வெளிய நிக்குது. மரத்துண்ட வச்சி மெல்லத் தட்டிப் பாத்தேன், பாதிதான் அடங்குச்சி. அழுகையா வந்துச்சு. அவரு முன்னாடி அழக் கூடாதுன்னு அட்டைய மாட்டி ஸ்குருவ முடுக்குனேன்.

திங்கக்கெழம ஒம்போது மணி. சீனுவாசன் வண்டிய சுத்தி வந்தாரு. பின்கதவுல கைய வச்சவரு, அந்த எடத்துல நின்னுட்டாரு. "இது என்னம்மா?"

அவரு மேசையில முருகரு பக்கத்துலயே வேளாங்கண்ணி மாதா படமும் இருந்துச்சு. மாதா தொட்டதுன்னு சொன்னா கும்புட்டுட்டு நோட்டுல என் பேர எழுதிக்குவாரு. நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சு, சத்தியமா. அப்படிச் சொல்லிட்டா அடைக்கலராஜுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்?

"சப்பரத் தண்டு இடிச்சி உள்ள போச்சுங்க. நானே பிரிச்சி தள்ளி எடுத்தேன். கோவத்துல ஒரு எடத்துல அதிகமா அழுத்திட்டேன், அதான் நிக்குது."

"சொட்டை இருந்தா வேணாம்னு சொன்னேனா இல்லயா?"

"சொன்னீங்க. இது வேணாம்னா வேணாம்னு சொல்லுங்க, போயிக்கினே இருக்கேன். மறைச்சி வச்சி உங்ககிட்ட வேல வாங்க மாட்டேன்."

அவரு மறுபடியும் கதவத் தடவுனாரு. "நீயேவா பிரிச்ச?"

"ஆமாங்க."

"நர்சுங்க உக்காந்திருக்கும்போது பாதி வழியில வண்டி நின்னுச்சுன்னா?"

"எறங்கிப் பாப்பேன். போன் போட்டு அழமாட்டேன்."

அவரு மொதல்ல எடுத்த மூணு வண்டி டிரைவருங்களும் டீக்கடை பக்கம் நின்னுக்கினு இருந்தாங்க. அவங்களத் திரும்பிப் பாத்துட்டு மேசைக்குப் போனாரு, நோட்ட எடுத்தாரு.

"ஓனர் பேரு?"

"சகாயசெல்வி."

எழுதுனாரு. தல நிமிராமலே அடுத்தது கேட்டாரு. "டிரைவரு யாரு, உன் வீட்டுக்காரரா, மச்சானா?"

"சகாயசெல்விதாங்க. அதே பேர இன்னொரு வாட்டி எழுதுங்க."