மகேந்திரராசா கண்டுபிடித்த இங்கிலாந்து

உலகத் தமிழர் அனைவரும் எழுந்து நிற்கவும். இங்கிலாந்தின் கிராமங்களுக்கெல்லாம் பெயர் வைத்தவன் தமிழனே என்ற பேருண்மை, 1995 நவம்பரில், இத்தாலியில், பலெர்மோ நகரின் வுச்சீரியாச் சந்தைக்கு மேலே, மீன் வாடை ஏறிவரும் எங்கள் சங்க அறையில் வெளியிடப்பட்டது.

வெளியிட்டவர் சங்கத் தலைவர் மகேந்திரராசா. கிழமை நாட்களில் எங்களைப் போலவே ஏதோவொரு சிஞ்ஞோரா அம்மணியின் வீட்டைத் துடைப்பவர். ஞாயிறென்றால் ஆய்வாளர். ஆய்வுக்கு இடைஞ்சல் வரக்கூடாதென்று, பேச எழும்புமுன் தொலைபேசியின் செருகியைச் சுவரிலிருந்து பிடுங்கிவிட்டார்.

பாதிப்பேர் வந்ததே அந்தத் தொலைபேசிக்காகத்தான். வேலை செய்யும் வீடுகளுக்கு எங்களைத் தேடி அழைப்பு வரக்கூடாது. ஊர்ச் செய்தியெல்லாம் ஞாயிறு பின்னேரம் இங்கேதான் வரும். இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணம் ஒரே இரவில் இடம்பெயர்ந்திருந்தது. எங்களில் ஒருத்தியான குகனேஸ்வரியின் அம்மா எங்கே, உயிரோடு இருக்கிறாவா என்று தெரியாது. கொழும்பிலிருந்து அவளுடைய தம்பி உமாசுதன் விசாரித்துச் சொல்வதாக இருந்தான்.

"அண்ணை, தம்பி எடுக்கிற நேரம். போனைக் கொழுவுங்கோ," என்றாள் குகனேஸ்வரி.

"பொறு தங்கச்சி. இப்பதான் இங்கிலாந்திலை 'ஹாம்' எண்டு முடியிற ஊருகளுக்கு வாறன். ஹாம் எண்டால் வீடு."

"நானும் வீட்டைப் பற்றித்தான் கேக்கிறன்."

"சரித்திரத்துக்கு அவசரமில்லை."

பின் வரிசையில் ஒருவர், "அண்ணை இங்கிலாந்துக்குப் போனவரோ?" என்று கேட்டார்.

"விசா குடுக்கேல்லை," என்றார் பக்கத்திலிருந்தவர். "அதுதான் ஊருகளை இஞ்சை கூப்பிட்டு எடுப்பிக்கிறார்."

அந்தச் செருகியைத் தலைவரின் மூக்கில் செருகியிருக்கலாம். ஒருவரும் அசையவில்லை. தலைவரல்லவா.

குகனேஸ்வரிதான் எழுந்து போய்ச் சுவரில் செருகினாள். அவர் "ஒழுங்கு, ஒழுங்கு" என்று மேசையில் தட்டிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்தது.

"எவ்வளவு நேரமா எடுக்கிறன் அக்கா," என்று உமாசுதன் கத்தியது முன் வரிசைவரை கேட்டது. அவள் கேட்டாள், வைத்தாள், எங்கள் பக்கம் திரும்பினாள்.

"அம்மா கொடிகாமத்திலை. பள்ளிக்கூட விறாந்தையிலை படுத்திருக்கிறாவாம். காய்ச்சலாம்."

மகேந்திரராசாவின் முகம் மலர்ந்தது.

"பாத்தியளோ? கொடிகாமம். காமம் எண்டால் ஊர்; எங்கடை காமம்தான் அங்கை போய் ஹாம் ஆனது. நான் சொன்னன்தானே, ஹாம் எண்டால் வீடு."

சிலர் கைதட்டினார்கள். பழக்கதோஷம்.

கொடிகாமத்தில் குகனேஸ்வரியின் அம்மாவுக்கு வீடு இல்லை.