இருபத்திரண்டாம் நம்பருக்கு மூன்று அடி

கனடாவில், பிக்கரிங்கில் ஒரு பல் வைத்தியசாலை. வாயைத் திறந்தபடி படுத்திருந்த மனிதரின் கடைவாய்ப் பல்லை நிரூபா சுரண்டிக்கொண்டிருந்தபோது அவளுடைய சட்டைப் பையில் கைபேசி அதிர ஆரம்பித்தது. நின்றபாடில்லை. ஒன்று ஓய்வதற்குள் அடுத்தது.

"வீட்டில் ஏதும் பிரச்சினையா?" என்று அந்த மனிதரே வாய்க்குள் பஞ்சோடு ஆங்கிலத்தில் கேட்டுவிட்டார்.

நிரூபா கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டு நடைபாதைக்கு வந்து பார்த்தாள். வாட்ஸ்அப்பில் 'றூஜ்வலி பப்பரே' குழு தீப்பற்றி எரிந்துகொண்டிருந்தது. முதல் செய்தி வாகீசனுடையது.

"அக்கா, கீதன் போயிட்டான். வின்ஃபீல்டுக்கு!"

அதற்குக் கீழே அழுகிற முகங்கள், கோபமான முகங்கள், யாரோ ஒருவர் அனுப்பிய உடைந்த தேங்காய்.

வின்ஃபீல்ட்! வேறு எந்தப் பல்கலைக்கழகத்துக்கும் போயிருக்கலாம். ஒஷாவாவில் இருக்கிற, றூஜ்வலியின் பரம எதிரிக்கா போகவேண்டும்? நிரூபாவுக்கு அந்த இடத்திலேயே கத்தவேண்டும்போல் இருந்தது. பல் வைத்தியசாலையில் கத்தினால் காத்திருக்கிறவர்கள் எழுந்து ஓடிவிடுவார்கள் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

கீதன் றூஜ்வலிப் பல்கலைக்கழக அணியின் இருபத்திரண்டாம் நம்பர். பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, மலைபோல் வரும் ஆட்களுக்கு நடுவே நெளிந்து ஓடுகிற கனடிய ஃபுட்போலில், ஓடுவதற்கென்றே பிறந்தவன். அவன் களத்தில் இறங்கிய முதல் வருடம்தான் நிரூபா இந்தப் பப்பரே பாண்டைத் தொடங்கினாள். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடங்களின் பிக் மட்ச் கிரிக்கெட்டுக்கு ட்ரம்பெட்டும் மேளமும் முழங்குமே, அதே கூத்து. பெரிய ட்ரம் நிரூபாவினது. அவள் படித்ததும் றூஜ்வலியில்தான். சின்ன ட்ரம் வாகீசன். ட்ரம்பெட் இராஜரட்ணம் அங்கிள். வாரநாட்களில் ட்ரக் ஓட்டுவார், சனிக்கிழமைகளில் ஊதுவார். சிம்பல் சுந்தர், சென்னையில் இருந்து படிக்க வந்து, இப்போது கணினி நிறுவனமொன்றில் வேலை செய்பவன். இவர்களைச் சுற்றி ஆடுவதற்கும் கத்துவதற்கும் ஒரு பட்டாளம்.

கீதனுக்கென்று ஒரு மெட்டு இருந்தது. அவன் கைக்குப் பந்து வந்ததும் சின்ன ட்ரம் உருளும். ட்ரம்பெட் வீரிடும். அவன் கடைசிக் கோட்டைத் தாண்டும்போது நிரூபா பெரிய ட்ரம்மில் மூன்று அடி போடுவாள். டும், டும், டும்! அவனும் பந்தை ஒரு கையால் தூக்கி அவர்களுக்குக் காட்டுவான். தலையைக் குனிந்து ஓடுகிறவன் கோட்டைப் பார்ப்பதே இல்லை. நிரூபாவின் மூன்று அடி விழுந்தால் டச்டவுன் என்று அவனுக்குத் தெரியும். பாண்ட் இருக்கிற இடம் கோட்டுக்கு நேர் மேலே. ஒரு நாளும் பிழைத்ததில்லை.

அன்று பின்னேரம் மார்க்கம் வீதியில் ஒரு தேநீர்க் கடையில் எல்லோரும் கூடினார்கள். ரோல்ஸ் தட்டு மேசைக்கு வருவதற்கு முன்பே சண்டை வந்துவிட்டது.

"துரோகி!" என்றாள் நிரூபா. "எங்களுக்கு ஒரு வார்த்தை சொன்னவனே? இன்ஸ்டாகிராமில பாத்துத்தான் தெரியவேணுமே?"

"அக்கா, சீரியஸ்லி, அவன் என்ன செய்யிறது?" வாகீசன் மேசையில் தட்டினான். "புதுக் கோச் வந்து அவனைப் பெஞ்சில இருத்தி வச்சிருக்கிறார். களத்தில விட்டாலும் மற்றவன் ஓட வழி எடுத்துக் குடுக்கிற வேலை. ஓடுறவனை ஓட விடாட்டி?"

"அது உண்மைங்க," என்றான் சுந்தர், ரோல்ஸை எடுத்தபடி. "போன சீசன்ல அவனுக்கு எத்தனை தடவை பந்து குடுத்தாங்கன்னு நான் கணக்கு வச்சிருக்கேன். கை விரல் போதும், கால் விரல் தேவைப்படல."

"நீங்க ஆற்ற பக்கம் சுந்தர்?"

"நான் உங்க பக்கம்தாங்க. நானும் அங்கதான் படிச்சேன். ஆனா அவன் பாவம்ல?"

இராஜரட்ணம் அங்கிள் தேநீரை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். "கீதன்ர தாய் புனிதவதிக்குக் காலமை தொடக்கம் போன் மேல போனாம். எல்லாரும் துக்கம் விசாரிக்கிற குரலில கதைக்க, மனுசி பயந்துபோய், 'ஐயோ, ஆர் செத்தது?' எண்டு கத்தினதாம்."

எல்லோரும் சிரித்தார்கள். நிரூபா சிரிக்கவில்லை.

"நான் ஒண்டு சொல்லுறன். பாண்ட் றூஜ்வலிக்குத்தான். இனி என்ர கையால அவனுக்கு ஒரு அடி விழாது."

"அப்ப நான் வின்ஃபீல்டுக்குப் போறன்," என்றான் வாகீசன்.

"என்ன?"

"நான் கீதனுக்குத்தான் அடிக்க வந்தனான். எனக்கு றூஜ்வலி ஒரு சேட்டிபிக்கட்டும் தரேல்லை."

நிரூபா அங்கிளைப் பார்த்தாள். அங்கிள் கோப்பையைப் பார்த்தார்.

"அங்கிள், நீங்களுமோ?"

"எனக்குப் பள்ளிக்கூடம் தெரியாது பிள்ளை. பெடியனைத்தான் தெரியும்."

"ஊரில உங்கட பள்ளிக்கூடத்துக் கப்டன் மற்றப் பள்ளிக்கூடத்துக்குப் போயிருந்தா ஊதியிருப்பீங்களோ?"

"அப்பிடி ஒருத்தன் போனவன்தான். நாங்கள் கொடும்பாவி கட்டி எரிச்சனாங்கள்."

"பாத்தீங்களா! பிறகு?"

"பிறகென்ன, அவன்ர தங்கச்சியைத்தானே நான் கட்டினனான்."

கடை முழுவதும் திரும்பிப் பார்க்கிற அளவுக்குச் சிரிப்பு வெடித்தது. ஆனால் அன்றிரவே 'வின்ஃபீல்ட் பப்பரே' என்று ஒரு புதுக் குழு பிறந்துவிட்டது.

"பேரையாவது சொந்தமா யோசிக்கத் தெரியாதோ?" என்று வாகீசனுக்கு எழுதினாள் நிரூபா.

"சொந்தமா யோசிச்சபடியால்தான் இங்க வந்தனாங்கள்," என்று பதில் வந்தது.

கோடை முழுவதும் இதே கூத்து. ஒருவர் கோயில் திருவிழாவில் மற்றவரைக் கண்டால் நிறத்தைத்தான் முதலில் பார்த்தார்கள். பச்சைச் சேலை கட்டினால் றூஜ்வலி, கடும்சிவப்பு என்றால் வின்ஃபீல்ட். நிரூபா வெளியில் எகத்தாளம் பேசினாள். ஆனால் பயிற்சிக்கு வரும்போது ட்ரம்பெட் இல்லாமல், சின்ன ட்ரம் இல்லாமல், அவளுடைய பெரிய ட்ரம் தனியாக இடிக்கிற சத்தம் அவளுக்கே பிடிக்கவில்லை. பாண்ட் திரும்ப ஒன்றாக வேண்டும். அதற்கு ஒரே வழி, ஒக்டோபரில் வின்ஃபீல்டை அவர்களுடைய மைதானத்திலேயே தோற்கடிப்பதுதான் என்று முடிவு கட்டினாள். தோற்ற பக்கம் வாயை மூடிக்கொண்டு திரும்பி வரும். வராமல் எங்கே போகும்?

அந்தச் சனிக்கிழமையும் வந்தது. மஞ்சள் நிறப் பாடசாலை பஸ் ஒன்றை வாடகைக்குப் பிடித்துக்கொண்டு பச்சைப் பட்டாளம் ஒஷாவாவுக்குப் புறப்பட்டது. நெடுஞ்சாலை முழுவதும் பாட்டு. சுந்தர் முகத்தில் பாதியைப் பச்சையாகப் பூசியிருந்தான்.

"மறுபாதி?"

"ஜெயிச்சா பூசிக்கிறேங்க."

மைதானத்தில் விருந்தாளிகளுக்கு ஒதுக்கியிருந்தது ஒரு மூலை. எதிர்ப் பக்கத்தில் கடும்சிவப்புக் கடல். அதன் நடுவில் ட்ரம்பெட் ஒன்று வெயிலில் மின்னியது. அங்கிள்! பக்கத்தில் வாகீசன் சின்ன ட்ரம்மைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினான். நிரூபா இரண்டு கையாலும் மூக்கைப் பிடித்துக் காட்டினாள்.

கீதன் கடும்சிவப்புச் சட்டையில் ஓடி வந்தான். முதுகில் அதே இருபத்திரண்டு. பச்சை மூலை ஊளையிட்டது. அவன் தலைக்கவசத்தைத் திருப்பி அந்த மூலையை ஒரு கணம் பார்த்தான். நிரூபா வானத்தைப் பார்த்தாள்.

ஆட்டம் பறந்தது. றூஜ்வலி ஒரு டச்டவுன் போட, வின்ஃபீல்ட் ஒன்று போட்டது. கீதனை றூஜ்வலிக்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து அமுக்கினார்கள். ஒவ்வொரு முறையும் அவன் பந்தை எடுக்கும்போது எதிரே ட்ரம்பெட் கிளம்பி, அவன் விழுந்ததும் பாதியில் அறுந்துபோனது. நிரூபா பெரிய ட்ரம்மில் றூஜ்வலிக்கு மட்டும் இடித்தாள். சுந்தரின் சிம்பல் குளிரில் கண்ணாடி உடைகிற மாதிரிக் கேட்டது.

கடைசி நிமிடம். றூஜ்வலி நான்கு புள்ளி முன்னால். பந்து வின்ஃபீல்டிடம். கோட்டுக்குப் பாதி மைதானத் தூரம். ஒரு டச்டவுன் போட்டால் வின்ஃபீல்ட் வென்றுவிடும்.

"பந்து அவனுக்குத்தாங்க போகும்," என்றான் சுந்தர். அவனுடைய பச்சைப் பாதி வியர்வையில் வழிந்துகொண்டிருந்தது.

போனது. கீதன் பந்தை வாங்கினான். முதல் ஆள் அவன் காலைப் பிடிக்கப் பாய்ந்தான், காற்றைத்தான் பிடித்தான். இரண்டாவது ஆளைச் சுற்றிக்கொண்டு கீதன் வெளியே வந்தான். முன்னால் யாருமில்லை!

எதிர்ப் பக்கத்தில் சின்ன ட்ரம் உருண்டது. ட்ரம்பெட் வீரிட்டது. அந்த மெட்டு! கோடையிலிருந்து நிரூபா முழுதாகக் கேட்காத மெட்டு. மைதானத்தைக் குறுக்கே கடந்து வந்து அவளுடைய நெஞ்சில் மோதியது. கீதன் ஓடினான். தலை குனிந்தபடி, அதே ஓட்டம். கோட்டுக்கு இன்னும் இருபது யார் தூரம். பதினைந்து. நிரூபாவின் பக்கத்தில் பச்சைச் சட்டைக்காரர்கள், "பிடியுங்கோடா! பிடியுங்கோடா!" என்று அலறினார்கள். நிரூபாவும் அலறினாள். என்ன அலறினாள் என்று அவளுக்கே தெரியாது. கோடு. அவன் கோட்டைத் தாண்டிவிட்டான்!

டும், டும், டும்!

அவள் கை அடித்த பிறகுதான் அடித்தது அவளுக்குத் தெரிந்தது.

கீதனின் வலது கை பந்தோடு மேலே போனது. பச்சை மூலையைப் பார்த்து.

ஆனால் அவன் கோட்டைத் தாண்டியிருக்கவில்லை. அவர்களுடைய மூலையில் இருந்து சரிவாகப் பார்க்க, ஐந்து யார் தூரம் முன்னால் இருக்கிற ஐந்து யார்க் கோடு கடைசிக் கோடு மாதிரித் தெரிந்திருந்தது. பின்னால் துரத்தி வந்த றூஜ்வலி ஆள் ஒருவன் எட்டி அந்தக் கையில் ஒரு தட்டுத் தட்டினான். பந்து துள்ளி விழுந்தது. இன்னொரு பச்சைச் சட்டைக்காரன் அதன்மேல் படுத்துக்கொண்டான்; பந்து இனி றூஜ்வலிக்கு.

பச்சை மூலை வெடித்தது.

"அக்கா! நீங்கள் ஜீனியஸ்!" "மாத்தி அடிச்சு ஏமாத்திப்போட்டா பாருங்கோ!" யார் யாரோ அவளைக் கட்டிப்பிடித்தார்கள். ட்ரம்மோடு சேர்த்துத் தூக்கினார்கள். சுந்தர் முகத்தின் மறுபாதியையும் பூசிக்கொண்டு ஆடினான். நேரம் முடிந்தது. றூஜ்வலி வென்றது. கீதன் இன்னும் ஐந்து யார்க் கோட்டில் முழங்காலில் இருந்தான்.

நிரூபா கேட்ட வெற்றி கையில் இருந்தது. அவள் ட்ரம் தடியைக் கீழே வைத்துவிட்டாள்.

வாகன நிறுத்துமிடத்தில் மஞ்சள் பஸ்ஸுக்குப் பக்கத்தில் பச்சைக் கூட்டம் ஆடிக்கொண்டிருந்தபோது வாகீசன் பாய்ந்து வந்தான். பின்னால் ட்ரம்பெட்டை நெஞ்சோடு அணைத்தபடி அங்கிள்.

"வேணுமெண்டே அடிச்சனீங்கள், என்ன?" வாகீசன் அவளுடைய ட்ரம்மை விரலால் காட்டினான். "அந்த மூண்டு அடி அவன்ர அடி அக்கா. அதை வச்சு அவனை விழுத்திப்போட்டியள். வெல்லுங்கோ, பரவாயில்லை. இப்பிடியே வெல்லுறது? இனி நீங்கள் ஆரோ, நாங்கள் ஆரோ."

"அதுதான்டா மூளை!" என்று பச்சைக் கூட்டத்தில் ஒருவன் கத்தினான். எல்லோரும் கைதட்டினார்கள்.

அப்போது கூட்டம் தானாக விலகியது. கீதன். தலை நனைந்திருந்தது. தோளில் பை. அவன் யாரையும் பார்க்காமல் நேரே நிரூபாவிடம் வந்தான்.

"அக்கா, ஒண்டு கேக்கிறன். உண்மையைச் சொல்லுங்கோ. எனக்காக அடிச்சனீங்களோ, என்னை விழுத்த அடிச்சனீங்களோ?"

கைதட்டல் நின்றது. பச்சைச் சட்டைகள் எல்லாம் அவளையே பார்த்தன. ஏமாற்றினேன் என்றால் அவள் றூஜ்வலியின் ராணி. வாகீசனும் அங்கிளும் இத்தோடு போய்விடுவார்கள். உண்மையைச் சொன்னால், தோளில் தூக்கியவர்களே அவளைத் தூக்கி எறியலாம்.

"உனக்காகத்தான்டா," என்றாள். "நீ கோட்டைத் தாண்டிட்டாய் எண்டு நினைச்சன். கை தானா அடிச்சிட்டுது."

"என்னது?" என்றது பச்சைக் கூட்டம் ஒரே குரலில்.

"ஓம். எங்கட பக்கம் தோக்கப்போகுது எண்டு தெரிஞ்சும் அடிச்சன். என்ன செய்யப்போறியள்? பஸ்ஸால இறக்கி விடப்போறியளோ?"

சுந்தர்தான் இரண்டு பாதியும் பச்சையான முகத்தோடு, "இறக்கிவிட்டா அவங்க கொண்டுவந்த ரோல்ஸையும் எடுத்துட்டுப் போயிடுவாங்கங்க," என்றான்.

முதலில் சிரித்தது கீதன்தான். சின்னதாகத் தொடங்கி, பையைக் கீழே போட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

"ஐஞ்சு யார் அக்கா! ஐஞ்சு யார்! நீங்கள் பல்லுப் பாக்கிறதை விட்டிட்டுக் கண்ணைக் காட்டுங்கோ முதல்."

"நீ தலையை நிமித்தி ஓடு முதல். கோட்டைப் பாத்து ஓடத் தெரியாதவனுக்கு என்ர கண்ணில பிழையோ?" நிரூபா அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தாள். "எங்களுக்குச் சொல்லாமல் போனதுக்கு இது."

"சொல்ல வந்தனான். உங்கட முகத்தைப் பாத்துச் சொல்ல ஏலாமல்தான் இன்ஸ்டாவில போட்டனான்."

அங்கிள் ட்ரம்பெட்டை உதட்டில் வைத்தார். யாரும் கேட்கவில்லை, அவரே தொடங்கினார். வாகீசன் ஒரு கணம் முறைத்துக்கொண்டு நின்றான். பிறகு சின்ன ட்ரம்மை முன்னுக்கு இழுத்து உருட்ட ஆரம்பித்தான். சுந்தர் சிம்பலைத் தேடி ஓடினான். பச்சையும் கடும்சிவப்புமாக வாகன நிறுத்துமிடம் முழுவதும் ஆடியது. பின்னால் வெளியேற முடியாத கார் ஒன்று ஹோர்ன் அடித்தது; அதுவும் தாளத்தோடுதான் இருந்தது.

"போதும், போதும், பஸ் வெளிக்கிடப்போகுது!" என்று சாரதி கத்தினார்.

வாகீசன் தன்னுடைய காருக்குப் போகவில்லை. சின்ன ட்ரம்மைத் தூக்கி மஞ்சள் பஸ்ஸின் படியில் வைத்தான்.

"உன்ர கார்?"

"நாளைக்கு வந்து எடுக்கிறன். ஆனா அக்கா, இனி கீதன் ஓடேக்க அடிக்கிறதா, இல்லையா?"

நிரூபா பெரிய ட்ரம்மையும் பஸ்ஸில் ஏற்றச் சொல்லி அவன் கையில் திணித்தாள்.

"அடுத்த முறை அவங்கள் எங்கட மைதானத்துக்கு வருவாங்கள். அங்க எனக்குக் கோடு வடிவாத் தெரியும். தாண்டினால் அடிப்பன். தாண்ட விடாமல் பாக்கிறது எங்கட பெடியளின்ர வேலை. ஏறு!"