ஜக்தார் சிங் கை நனைப்பாரா?

1

மோட்சத்தின் விலை நாற்பத்தெட்டு ரூபாய். நான் ஐம்பத்தைந்து சொன்னேன். அவர் நாற்பது கேட்டார். இருவரும் இரண்டு முறை கோபித்துக்கொண்டு, நடுவில் ஒரு டீ குடித்து, நாற்பத்தெட்டில் முடித்தோம். 1991 தை மாதம், மேற்குத் தாம்பரம் கடைத்தெருவில் எங்கள் பாத்திரக் கடை. சரக்கு, மூன்றரை கிலோ இரும்பு வாணலி. வாங்கியவர் ஜக்தார் சிங், முடிச்சூர் ரோட்டு லேத் பட்டறையின் பாதி முதலாளி.

"இரும்புதான் வேணுமா சிங்? எவர்சில்வர்ல அம்சமா இருக்கு. கழுவறதும் சுலபம்" என்றேன். (எவர்சில்வரில் லாபம் அதிகம். உங்களிடம் மறைப்பானேன்.)

"இரும்புதான் மொதலாளி. இனிமே இரும்புல நானே சமைச்சதைத்தான் துன்னப்போறேன்."

"வேற யார் வீட்லயும் கிடையாதா?"

"யார் வூட்லயும்."

"துளசிங்கம் வீட்ல?"

ரூபாயை எண்ணிக்கொண்டிருந்த சிங் நிறுத்தினார். பிறகு முதலிலிருந்து எண்ணினார். அவர் நிறுத்திய இடத்தில்தான் இந்தக் கதை எனக்குக் கிடைத்தது. வாணலிக்குக் காசு வாங்கினேன், கதைக்கு வாங்கவில்லை.

2

மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

"ஐந்து நதிகள் பாயும் மண்ணில் பிறந்த அந்த வீரர்…" அடித்துவிட்டேன். அவர் பிறந்தது ராஞ்சியில். கேட்டால் தாம்பரம் என்பார்.

"அவருடைய நீலத் தலைப்பாகை வெயிலில்…" இதையும் அடித்துவிட்டேன். தலைப்பாகையில் தொடங்கினால் கதை அதற்குக் கீழே இறங்காது.

"சிங் சாப்பிட்டார்." இது இருக்கட்டும்.

சிங் சாப்பிட்டார். 1979 தையில் விமானப்படையை விட்டு வந்து, துளசிங்கத்தோடு கூட்டு சேர்ந்து லேத் போட்ட நாளிலிருந்து சாப்பிட்டார். இடம் துளசிங்கத்துடையது, அவன் அப்பா நெல் போட்ட நிலத்தில் மிஞ்சிய ஒரு மனை. இயந்திரம் சிங்குடையது. (துளசிங்கம் என்னோடு ஆறாவது வரை படித்தவன், அதனால் "அவன்". சிங் என் வாடிக்கையாளர், அதனால் "அவர்".) சிங் தனிக்கட்டை. மதியம் ஒரு மணிக்கு இரண்டு பேருக்குமாக துளசிங்கத்தின் மனைவி அஞ்சம்மாள் அனுப்பும் கேரியர் பட்டறைக்கு வந்துவிடும். கருவாட்டுக் குழம்பு, முட்டைத் தொக்கு, விசேஷ நாளில் தலைக்கறி. முதல் வாரம் கண்ணில் தண்ணீர் விட்டபடி சாப்பிட்டவர், இரண்டாம் மாதம் காரம் போதவில்லை என்று சொல்லியனுப்பினார்.

எண்பத்தேழில் அண்ணனைப் பார்க்க அமிர்தசரஸ் போனவர், அமிர்தம் எடுத்துக்கொண்டு, அதாவது சீக்கிய தீட்சை பெற்றுக்கொண்டு, திரும்பினார். வந்ததும் முதல் விதி: ஓதி அறுத்த கறி ஆகாது. ஒரே வெட்டில் விழுந்ததென்றால் ஆகும். நாங்கள் கறி வாங்குவதோ பாய் கடையில்.*

"ஒரே வெட்டுதானே? இரு மச்சான்" என்றான் துளசிங்கம்.

ஆடி மாதம் கேரியரில் ஆட்டுக்கறி வந்தது. சிங் இரண்டு முறை போட்டுக்கொண்டார். நல்லியைத் தட்டி உறிஞ்சிவிட்டுக் கேட்டார்: "எந்தக் கடை மச்சான்?"

"கடையா? நம்ம செல்லியம்மன் கோயில்ல போட்டது. மஞ்சத் தண்ணி ஊத்தி, அது தலையை ஆட்டினப்புறம் ஒரே வெட்டு. தலை தனியா வந்து வுழுந்துச்சு பாரு!"

சிங் எலும்பைக் கீழே வைத்தார். "சாமிக்கு வெட்டினதா?"

"பின்ன? உனக்கா வெட்டுவாங்க?"

ஓதி அறுத்தது ஆகாது என்றால் சாமிக்கு நேர்ந்ததும் ஆகாது. துளசிங்கம் வெட்டை மட்டும் பார்த்தான், யாருக்கு வெட்டினார்கள் என்பதைப் பார்க்கவில்லை. சிங் மூன்று நாள் வெறும் தண்ணீர் குடித்தார். நாலாம் நாள், இந்தத் தொல்லையே வேண்டாமென்று கறியை அடியோடு விட்டார். எண்பத்தொன்பதில் முட்டை போனது, முட்டையோடு பேக்கரி கேக்கும். தொண்ணூற்றொன்றில்தான் என் கடைக்கு வந்தார். இனி அமிர்தம் எடுத்தவர் கையால் இரும்பில் சமைத்தது மட்டும். எங்கள் பக்கத்தில் அப்படிப்பட்டவர் ஒருவர்தான் இருந்தார். அது அவரேதான்.

* எல்லாச் சிங்கும் இப்படியில்லை. கறி சாப்பிடுகிறவர்கள் உண்டு, அடுத்த வீட்டில் உட்கார்ந்து வயிறாரச் சாப்பிடுகிறவர்கள்தான் அதிகம். இது இவராகத் தேடி எடுத்துக்கொண்டது. கதையைப் படித்துவிட்டு வழியில் போகிற சிங்கை நிறுத்தி விசாரிக்காதீர்கள்.

3

ஏன் இப்படி? காரணமில்லாத பாத்திரம் கதையில் நிற்காது என்கிறார்கள். (என் கடையில் அடி சரியில்லாத பாத்திரம்தான் நிற்காது.) ஒரு மரணம், ஒரு கனவு, ஒரு வியாதி என்று மூன்று காரணம் தயார் செய்தேன். எதை வைத்தாலும் நீங்கள் அழுதிருப்பீர்கள். கடைசியில் வெட்கத்தை விட்டு அவரையே கேட்டேன்.

"ஏர்போர்ஸ்ல தட்டுல போட்டதைத் துன்னேன். ரயில்ல வித்ததைத் துன்னேன். துளசி வூட்ல குடுத்ததைத் துன்னேன். அம்பது வயசு ஆச்சு மொதலாளி, நானா ஒண்ணை வேணாம்னு சொன்னதே இல்ல. ஒரு தபா சொல்லிப் பாத்தேன். ருசியா இருந்துச்சு. அப்றம் இன்னொண்ணு சொன்னேன்."

"சாமி, குரு எல்லாம்?"

"அது இல்லாமயா? அது உன்கிட்ட சொல்றதுக்கு இல்ல."

இதைவிட நல்ல காரணம் என் கையிருப்பில் இல்லை.

4

வாணலி வாங்கிய மறுநாள், கேரியரில் சிங்கின் பங்கு அப்படியே வீடு திரும்பியது. அதற்கடுத்த நாளும். மூன்றாம் நாள் அஞ்சம்மாளே பட்டறைக்கு வந்தாள்.

"சிங்கண்ணா, கொழம்புல இன்னா கொறை?"

"கொறை ஒண்ணும் இல்ல தங்கச்சி. ஒரு விரதம் மாரி."

"எத்தினி நாளுக்கு?"

"எப்பவும்."

"கறிய வுட்டே, தனிச் சட்டி வெச்சேன். முட்டைய வுட்டே, கரண்டிய மாத்தினேன். இப்போ இன்னாத்தை மாத்தணும்? என் கையையா?"

துளசிங்கம் லேத்தை நிறுத்தினான்.

"உன் கையைச் சொல்லல தங்கச்சி. இது எங்க வழக்கம்…"

"எங்க மாமனார் ஏர் ஓட்டின காலத்துல, பெரிய வூட்டுக்காரங்க கொல்லைக்கு வந்தா எளநி வெட்டச் சொல்லிக் குடிப்பாங்க. தண்ணி மட்டும் கேக்க மாட்டாங்க. அவங்களும் 'உன்னைச் சொல்லலம்மா, வழக்கம்'னுதான் சொல்லுவாங்க."

(இங்கே ஒரு பத்தி இருந்தது. குருத்வாராவில் ராஜாவும் தோட்டியும் ஒரே வரிசையில் தரையில் உட்கார்ந்து சாப்பிடுவதைச் சிங் நீளமாக விளக்குவார். நன்றாகவே எழுதியிருந்தேன். காலியாகாத கேரியருக்கு முன்னால் அது எடுபடவில்லை, எடுத்துவிட்டேன்.)

5

தோத்தாத்ரி சாரைக் கதையில் சேர்ப்பதா வேண்டாமா என்று மூன்று முறை யோசித்தேன். சிங் குடியிருந்த பின்கட்டின் சொந்தக்காரர், ரயில்வேயில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவர். நல்ல மனிதர். நல்ல மனிதர்கள் கதையைக் கெடுப்பார்கள். ஆனால் அவர் வாயைத் திறந்துவிட்டாரே.

"பேஷ் சிங்! நீங்களே சமைச்சுக்கறேளாமே? எங்க தோப்பனாரும் அப்படித்தான். வெளியில ஒரு வாய் ஜலம் குடிக்க மாட்டார். நீங்க இப்போ நம்மவா மாதிரியே ஆயிட்டேள், போங்கோ!"

திட்டியிருந்தால் சிங் சிரித்திருப்பார். இவர் தட்டிக்கொடுத்துவிட்டார். எல்லோரும் ஒரே வரிசை என்ற இடத்திலிருந்து படிப்படியாக ஏறிப் போனவர், உச்சிப் படியில் தோத்தாத்ரி சார் நாற்காலி போட்டுக் காத்திருப்பதைக் கண்டால் எப்படியிருக்கும்? ஏறியது சரிதானா, இறங்கினால் எடுத்த உறுதி என்னாகும், இறங்காவிட்டால் அஞ்சம்மாள் சொன்னது உண்மையாகிவிடாதா? அன்று சிங் பிசைந்த மாவு பிசைந்தபடியே கிடந்தது.

6

தொண்ணூற்றிரண்டு ஆவணியில் துளசிங்கத்தின் ஒரே மகள் தையல்நாயகிக்குக் கல்யாணம். பத்திரிகையும் பழமும் தட்டில் வைத்துக்கொண்டு சிங் வீட்டு வாசலில் வந்து நின்றான்.

"மச்சான், ஒரே பேச்சு. என் பொண்ணு கல்யாணத்துல நீ கை நனைக்கணும். இல்லாட்டி பட்டறையைப் பிரிச்சுக்கலாம். லேத்தை நீ எடுத்துகினு போ."

பெண் பார்க்கப் போகிற வீட்டில், பேச்சு முடியும்வரை எங்கள் பக்கத்தில் கை நனைக்க மாட்டார்கள், அதாவது சாப்பிட மாட்டார்கள். சாப்பிட்டால் உறவு என்று அர்த்தம். சாப்பிடாமல் எழுந்தால் உறவில்லை என்று அர்த்தம். சிங்குக்கு இது தெரியும். பதிமூன்று வருஷம் சும்மாவா இருந்தார்.

"வாழப்பழம்?" என்று பேரத்தைத் தொடங்கினார்.

"கல்யாணத்துக்கு வந்து வாழப்பழம் துன்னுட்டுப் போறதுக்கு நீ இன்னா கொரங்கா?"

"சரி, எளநி."

"அஞ்சம்மா காதுல வுழப்போகுது. எளநின்ற பேச்சையே எடுக்காதே."

"நானே ரெண்டு அண்டா பருப்பு ஆக்கறேன். எல்லாரும் ஒண்ணா துன்னலாம்."

"நாங்க உன் கையால துன்னணும், நீ எங்க கையால துன்ன மாட்டே. நல்லா கீதுபா உன் வியாபாரம்!"

சிங்குக்கு அப்போதுதான் கோபம் வந்தது. "பதிமூணு வருசத்துல என் வூட்ல ஒரு தபா துன்னுருக்கியா? எட்டு தபா கூப்ட்டேன். எட்டு தபாவும் வயிறு சரியில்லைன்னு சொன்னே."

"அது… உன் கடுகெண்ணெ நாத்தம் எங்களுக்கு ஒத்துக்காது மச்சான்."

"ஓ. நீ வேணாம்னா ஒத்துக்கல. நான் வேணாம்னா தீட்டு."

துளசிங்கம் தட்டை வாசற்படியில் வைத்துவிட்டு நடந்தான். எங்கள் கடைத்தெருவில் பேரம் முறிந்தால் இருபதடி போவதற்குள் கூப்பிட்டுவிடுவோம். சிங் கூப்பிடவில்லை. துளசிங்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

7

முடிவு இரண்டு எழுதி வைத்தேன்.

முதல் முடிவில் சிங் சாப்பிட்டுவிடுகிறார். நட்பு வெல்கிறது, மண்டபமே அழுகிறது. என் மனைவி ரமா படித்துவிட்டு, "அப்போ அஞ்சு வருஷமா அந்த மனுஷன் விட்டதெல்லாம் வெத்து வேலையா?" என்றாள். இரண்டாவதில் சாப்பிடாமல் எழுந்து போகிறார், கொள்கை வெல்கிறது. "அஞ்சம்மா முகத்தை நீங்க அன்னிக்குப் பாக்கலையா?" என்றாள்.

பார்த்தேன். எதிர் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். ஆகவே பார்த்ததோடு நிறுத்திக்கொள்கிறேன்.

சிங் வந்தார். இலை முன்னால் உட்கார்ந்தார். பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்துத் திறந்தார், இரண்டு ரொட்டி. துளசிங்கம் தூண் அருகில் நின்றுகொண்டு வேறு எங்கோ பார்த்தான். பரிமாறுகிறவர்கள் அந்த இலையைத் தாண்டித் தாண்டிப் போனார்கள். பெண்ணைப் பெற்றவள் முதல் பந்தியில் உட்காரக் கூடாது. அஞ்சம்மாள் பட்டுப்புடவையோடு வந்து சிங்குக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தாள்.

"சிங்கண்ணா, ஒரு ரொட்டி குடு."

"ஆறிப்போச்சு தங்கச்சி. தோல் மாரி இருக்கும்."

"குடுன்னா குடு."

வாங்கினாள். முகர்ந்தாள். "கடுகெண்ணெயா?"

"ஆமா."

"நாத்தந்தான்" என்றாள். துண்டு மிச்சமில்லாமல் தின்று முடித்தாள். பிறகு சாம்பார் வாளிக்காரனை நிறுத்தி, சோற்றைக் கையால் பிசைந்து, ஒரே ஒரு கவளத்தைச் சிங்கின் இலையில் வைத்தாள்.

"துன்றதும் வுடறதும் உன் இஷ்டம். நான் வெச்சுட்டேன்."

சிங்கின் வலது கை முழங்காலிலிருந்து எழும்பியது. அந்த நேரம் பார்த்துப் பாயச அண்டாவோடு இரண்டு பேர் எனக்கும் அவருக்கும் நடுவில் வந்து நின்று, யாருக்கு முதலில் ஊற்றுவது என்று தகராறு செய்தார்கள். அவர்கள் நகர்ந்தபோது சிங்கின் இலை மடிந்திருந்தது. தன் பக்கமாக மடித்திருந்தார். இந்த உறவு வேண்டும் என்கிறவன் அப்படித்தான் மடிப்பான், இது எங்கள் பக்கத்துக் குழந்தைக்கும் தெரியும். தூணருகில் துளசிங்கம் அந்த மடிப்பைப் பார்த்தான். பிறகு வந்து, சிங்குக்கு மறுபக்கம் இருந்த காலி இலையில் உட்கார்ந்தான். பட்டறை இன்றுவரை பிரியவில்லை.

இலைக்குள் என்ன இருந்தது என்றா கேட்கிறீர்கள்? அடுத்தவர் இலையைப் பிரித்துப் பார்க்கிற வழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. நீங்கள் வேண்டுமானால் பிரித்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது இவ்வளவுதான்:

அஞ்சம்மாள் கையால் ஜக்தார் சிங் சாப்பிட்டது, பன்னிரண்டு வருஷம், ஞாயிறும் பண்டிகையும் போக: மூவாயிரத்து அறுநூறு வேளை.

ஜக்தார் சிங் கையால் அஞ்சம்மாள் சாப்பிட்டது: ரொட்டி ஒன்று.

மடித்த இலைக்குள்: கவளம் ஒன்று, அல்லது ஒன்றுமில்லை.

பாக்கி: